கலிமாவுக்குப் பின் வரும் முதல் பாங்கு: கொழும்பில் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களுக்கு

கலிமா, அதாவது இஸ்லாத்தில் சேரச் சொல்லும் சாட்சி வாக்கியம், சொல்லி முடித்த சில மணி நேரத்துக்குள் அடுத்த தொழுகைக்கான பாங்கு (அழைப்பு) கேட்டுவிடும். அந்தத் தொழுகையே உங்கள் மேல் கடமை. “எல்லாம் படித்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்” என்று தள்ளிப் போடுகிறவர் ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில்தான் நிற்பார். தெரிந்த இரண்டு சொல்லோடு அன்றைக்கே வரிசையில் போய் நின்றவர் அதற்குள் ஓதக் கற்றிருப்பார். ஆகவே இங்கே தொழுகைதான் நடுவில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருகிறது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைச் (மார்க்கச் சட்டப் பிரிவைச்) சேர்ந்தவர்கள். மேமன் குடும்பங்கள் போன்றோர் ஹனபி. கீழே வரும் சட்ட விபரங்கள் ஷாபிஈ முறைப்படி. உங்களுக்குக் கற்றுத் தருபவர் ஹனபியாக இருந்தால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு லாபமும் இல்லை.

கலிமாவும் குளிப்பும்

வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருமில்லை, முஹம்மது (ஸல்) அவனுடைய தூதர். இதை விளங்கி, மனதார ஏற்று, வாயால் மொழிந்தால் நீங்கள் முஸ்லிம். சாட்சிகள் இருப்பதும் பள்ளிவாசலில் பத்திரம் எழுதுவதும் ஊர் அறிவதற்கும் பிற்காலத் தேவைகளுக்கும்தான். அவை இல்லாவிட்டால் இஸ்லாம் செல்லாது என்றில்லை. கத்னா (விருத்தசேதனம்) செய்தால்தான் சேர்க்கலாம், பெயர் மாற்றினால்தான் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அது தவறு. கத்னா ஆண்களுக்கு உண்டு. ஆனால் அது உடல்நிலை பார்த்து, வைத்தியரிடம் போய், பிறகு செய்துகொள்வது. கலிமாவை அதற்காகப் பிற்போடுவதில்லை.

கலிமாவுக்குப் பின் ஒரு குளிப்பு. வளர்ந்த ஆளுக்கு முன்பு ஏற்பட்டிருக்கக்கூடிய பெருந்தொடக்கை (உடலுறவு போன்றவற்றால் வரும் தீட்டை) நீக்கும் நிய்யத்தோடு (எண்ணத்தோடு) குளிக்க வேண்டும். நிய்யத்தை மனதில் வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முடிக்கால் விடாமல் தண்ணீர் படச் செய்தால் போதும். தொப்புள், காதின் பின்புறம், கால் விரல் இடுக்கு ஆகியவைதான் விட்டுப்போகும் இடங்கள். நகப்பூச்சு இருந்தால் அகற்றிவிட்டே குளிக்க வேண்டும்.

இதற்கு முன் தொழாமல் விட்ட தொழுகையையோ பிடிக்காமல் விட்ட நோன்பையோ திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. பழைய பாவங்களை இஸ்லாம் அழித்துவிடும் என்பது நபிமொழி. ஆனால் கடனை அது அழிக்காது. அடகுக் கடை, பெட்டிக்கடைக் கொப்பி, நண்பனிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் அப்படியேதான் இருக்கும். கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

வுழூ: தண்ணீர் எங்கே படாமல் போகிறது

வுழூ என்பது தொழுகைக்கு முன் செய்யும் கழுவல். அதில் கட்டாயமானவை ஆறு. முகம் கழுவ ஆரம்பிக்கும்போது மனதில் நிய்யத்; முகம் முழுவதையும் கழுவுதல், அதாவது முடி முளைக்கும் இடத்திலிருந்து நாடிக்குக் கீழ் வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை; முழங்கை உட்பட இரு கைகள்; தலையின் ஒரு பகுதியை ஈரக்கையால் தடவுதல்; கணுக்கால் உட்பட இரு கால்கள்; இதே வரிசை. வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்வது, காதைத் தடவுவது எல்லாம் சுன்னத், அதாவது செய்தால் நன்மை, கட்டாயமல்ல. அவசரத்தில் சுன்னத்தை விட்டாலும் வுழூ நிறைவேறும். குதிகாலில் விரல் நுனியளவு காய்ந்திருந்தால் நிறைவேறாது.

பிழை போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது முழங்கை. சட்டைக் கையைச் சரியாக மடிக்காமல் முழங்கைக்கு ஒரு அங்குலம் கீழேயே தண்ணீர் நின்றுவிடும். இரண்டாவது குதிகாலின் பின்பக்கம். மூன்றாவது தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் படலம்: பெயின்ட், சீமெந்து, சுப்பர் குளூ, நகப்பூச்சு. மருதாணி நிறம் மட்டும்தான், அது தடையில்லை. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் தண்ணீரைத் தடுக்காது.

வாளியில் தண்ணீர் எடுத்து வுழூ செய்வதாக இருந்தால் கோப்பையால் அள்ளி ஊற்றுங்கள். முகம் கழுவிய பின் கையை வாளிக்குள் விட்டால், அள்ளும் எண்ணத்தோடு விடாதவரை அந்தக் கொஞ்சத் தண்ணீர் ‘பயன்படுத்தப்பட்ட தண்ணீர்’ ஆகி வுழூவுக்குப் பொருந்தாமல் போகும். பழைய பள்ளிகளின் ஹவுளுக்கு (வுழூ செய்யும் தண்ணீர்த் தொட்டிக்கு) இந்தச் சிக்கல் இல்லை. ஏறக்குறைய 200 லீற்றரைத் தாண்டிய தண்ணீர் அப்படி ஆவதில்லை. ஆனாலும் ஹவுளுக்குள் காலை விடாதீர்கள். கரையில் குந்தி, கையால் அள்ளி, வெளியே காலைக் கழுவுவதுதான் வழக்கம்.

கந்தோரில் வேறொரு தலைவலி. கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்தால் நிலமெல்லாம் ஈரம், மற்றவர்களுக்கு முகச்சுளிப்பு. 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முகத்தையும் கையையும் தொட்டியில் கழுவி, கழிவறைக்குள் போத்தல் தண்ணீரால் காலைக் கழுவி, துண்டால் துடைத்துவிட்டு வாருங்கள். நபியவர்கள் ஒரு ‘முத்து’ (பழைய அரபு அளவை) தண்ணீரில் வுழூ செய்திருக்கிறார்கள். அது இந்தப் போத்தலுக்கும் குறைவு.

வுழூவை முறிப்பவை: முன் பின் துவாரங்களால் எது வெளியேறினாலும், நிலைகொண்டு உட்காராத நிலையில் தூக்கம், மயக்கம், மறைவிடத்தை உள்ளங்கையால் தொடுதல், திருமணம் முடிக்கக்கூடிய எதிர்ப்பாலாரின் தோல் நேரடியாகப் படுதல். கடைசியில் சொன்னதில் ஹனபிகளுக்கு வேறு கருத்து உண்டு. 138 பஸ்ஸில் கை உரசியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், சந்தேகத்தால் வுழூ முறியாது. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே திரும்பச் செய்ய வேண்டும்.

வாயால் சொல்ல வேண்டியது ஐந்தே

முதல் நாள் தொழுகையைப் பார்க்கிறவருக்கு அது அரபியில் ஓடும் ஒரு நீண்ட ஆறு மாதிரித் தெரியும். உண்மையில் வாயால் சொல்லியே தீர வேண்டிய பர்ழுகள் (கட்டாயங்கள்) ஐந்துதான்: ஆரம்பத் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’), சூரத்துல் பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), கடைசி இருப்பில், அதாவது முடிவில் உட்காரும்போது, அத்தஹிய்யாத் என்ற துதி, அதன்பின் நபியவர்கள் மேல் ஸலவாத் (வாழ்த்து), தொழுகையை முடிக்கும் முதல் ஸலாம். இவற்றில் தக்பீரும் ஸலாமும் இன்றைக்கே உங்களுக்குத் தெரியும். ஸலவாத்தின் மிகக் குறுகிய வடிவம் ‘அல்லாஹும்ம ஸல்லி அலா முஹம்மத்’ என்ற ஒரு வரி. அரை மணி நேரம் போதும். மீதி பாத்திஹாவும் அத்தஹிய்யாத்தும். அத்தஹிய்யாத்துக்கும் ஒரு சுருக்க வடிவம் இருக்கிறது; மௌலவியிடம் “குறைந்தபட்ச அத்தஹிய்யாத்தைச் சொல்லித் தாருங்கள்” என்று கேட்டே வாங்குங்கள். நீண்ட வடிவத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ருகூஉவிலும் (குனிதல்) ஸுஜூதிலும் (நெற்றியை நிலத்தில் வைத்தல்) மும்முறை சொல்லும் தஸ்பீஹ் (துதி), பாத்திஹாவுக்குப் பின் ஓதும் துணைச் சூரா (அத்தியாயம்), ஆரம்ப துஆ (பிரார்த்தனை) எல்லாம் சுன்னத். தெரியாவிட்டாலும் தொழுகை கூடும், அதாவது செல்லுபடியாகும்.

பாத்திஹா பாடமாகும் வரை என்ன செய்வது? அதன் எந்த வசனம் தெரியுமோ அதை ஓதுங்கள். குர்ஆனில் எதுவுமே தெரியாத ஒருவர் கேட்டபோது, ‘ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர், லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்’ என்று சொல்லும்படி நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அதுவும் நாவில் வராவிட்டால், பாத்திஹா ஓதும் நேரமளவு சும்மா நின்றுவிட்டு ருகூஉவுக்குப் போகலாம். இந்தச் சலுகை கற்றுக்கொண்டிருப்பவருக்கு. கற்பதை நிறுத்திவிட்டவருக்கு அல்ல.

பாத்திஹாவைத் தமிழ் எழுத்தில் படிக்காதீர்கள்

இந்த ஒன்றில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்க வேண்டியிருக்கிறது. அரபு உச்சரிப்பைத் தமிழில் எழுதிய சிறு நூல்கள் புறக்கோட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கையோடு எடுத்துப்போக வசதிதான். ஆனால் தமிழ் எழுத்துக்கு அந்த ஒலிகளைத் தாங்கும் சக்தி கிடையாது. அரபியில் இதயத்துக்கும் ‘கல்ப்’, நாய்க்கும் ‘கல்ப்’. முதலாவதன் ‘க’ அண்ணாக்கின் அடியிலிருந்து வருவது. இரண்டாவது நம்முடைய சாதாரண ‘க’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பாத்திஹாவில் வரும் அல்ஹம்துவின் ‘ஹ’ தொண்டை நடுவிலிருந்து, ஈரமில்லாமல் உரசி வருவது. இஹ்தினாவின் ‘ஹ’ நெஞ்சிலிருந்து இலேசாக வருவது. அவையும் தமிழில் ஒரே எழுத்து.

இதற்கு மேல் தமிழுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. சொல்லின் நடுவில் தனியாக வரும் ‘க’வை நாம் மென்மையாக்கிவிடுவோம், ‘அகம்’ என்று சொல்கிற மாதிரி. அதே நாவோடு ‘மாலிகி’, ‘இய்யாக’ என்று படித்தால் இரண்டிலும் ககரம் குழைந்துவிடும். அங்கே வேண்டியது ‘பக்கம்’ என்பதில் வருகிற வல்லின ஒலி, ஆனால் இரட்டிக்காமல். அதேபோல ‘இய்யாக்க’வில் யகரம் அழுந்த வேண்டும். அழுத்தாமல் ‘இயாக்க’ என்றால் சூரிய ஒளியைக் குறிக்கும் சொல்லாகிப் பொருளே மாறிவிடும் என்று சட்ட அறிஞர்கள் எச்சரிப்பார்கள். ‘அன்அம்த’ என்றால் நீ அருள் புரிந்தாய். ‘அன்அம்து’ என்றால் நான் அருள் புரிந்தேன். ஓர் உகரம் இறைவனையும் அடியானையும் இடம் மாற்றிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்நாட்டு முஸ்லிம்களின் மூத்த தலைமுறை இதை மறுதலையாகச் செய்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்று ஓர் எழுத்து மரபையே வளர்த்தார்கள். தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். ரமழான், பர்ழு, வுழூ என்று இங்கே ழகரம் போட்டு எழுதுவதும் அரபியின் ض என்ற எழுத்தின் ஒலியைப் பிடிக்க எடுத்த முயற்சிதான். உண்மையான ஒலி ழகரமும் அல்ல.

சரி, எப்படிக் கற்பது? ஒரு மௌலவி வாயால் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொல்ல, அவர் திருத்த வேண்டும். பாத்திஹாவில் பிஸ்மில்லாஹ்வோடு சேர்த்து 7 வசனங்கள். அழுத்தி ஓத வேண்டிய ஷத்துகள் 14. இரண்டு நாளைக்கு ஒரு வசனம் என்று வைத்தால் இரண்டு வாரம். அவர் ஓதுவதை உங்கள் கைபேசியில் பதிவு செய்து, பஸ்ஸில் காதில் போட்டுக் கேளுங்கள். இணையத்தில் பிரபல காரிகள் (குர்ஆன் ஓதுநர்கள்) இழுத்து ராகமாக ஓதுவது கேட்க இனிமை. பாடமாக்க அது உதவாது. எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் நீட்டல் என்று புதியவருக்குப் பிடிபடாது. பாத்திஹா முடிந்ததும் இக்லாஸ், கவ்ஸர், அஸ்ர் என்ற சிறு சூராக்கள். அவற்றில் இக்லாஸுக்கு 4 வசனங்கள், மற்ற இரண்டுக்கும் 3. இதனோடேயே பிள்ளைகள் படிக்கும் காயிதாவில் (அரிச்சுவடியில்) அரபு எழுத்துகள் 28ஐயும் ஆரம்பித்துவிடுங்கள். தினமும் 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள் உட்கார்ந்தால் மூன்று, நான்கு மாதத்தில் தட்டுத்தடுமாறியாவது குர்ஆனைப் பார்த்து ஓதலாம். பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருந்தால் மஃரிபுக்கும் (மாலைத் தொழுகை) இஷாவுக்கும் (இரவுத் தொழுகை) இடையில் தனியாக நேரம் கேளுங்கள். கொடுப்பனவு உண்டா என்பதை முதல் நாளே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

மனதுக்குள் ஓதினால் ஓதியதாகாது. உதடும் நாவும் அசைய வேண்டும்; பக்கத்தில் சத்தமில்லாவிட்டால் உங்கள் காதுக்கே கேட்கும் அளவு வேண்டும். புதியவர்களில் பலர், பிழையாகிவிடுமோ என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பிழையாக ஓதிக் கற்றுக்கொள்வது அதைவிட மேல்.

உடம்பு செய்யும் வேலை

ஸுப்ஹு (விடியல்) 2 ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று), ளுஹர் (நண்பகல்) 4, அஸர் (பிற்பகல்) 4, மஃரிப் 3, இஷா 4; மொத்தம் 17. அசைவுகளை இரண்டு நாள் பின்வரிசையில் நின்று பார்த்தாலே பழகிவிடும். பார்த்துப் பழக முடியாத நுணுக்கங்கள் சில உண்டு. ஒவ்வொரு நிலையிலும் ஒரு ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லும் நேரமாவது உடம்பு அடங்கி நிற்க வேண்டும். ருகூஉவிலிருந்து நிமிர்ந்து முதுகு நேராகும் முன்பே ஸுஜூதுக்கு விழுந்துவிடுவது பழைய ஆட்களிடமும் உள்ள பிழை. அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

ஸுஜூதில் நிலத்தில் பட வேண்டியவை ஏழு: நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்களின் அடிப்பக்கம். மூக்கையும் வைப்பது சுன்னத். கால் விரல்கள் அந்தரத்தில் தொங்குவது அடிக்கடி நடக்கிறது. விரல்களை மடக்கி கிப்லாவை (தொழும் திசையை) நோக்கி ஊன்றுங்கள். நெற்றியின் தோல் தரையிலோ பாயிலோ நேராகப் பட வேண்டும். தொப்பி நெற்றிக்கு இறங்கி இடையில் நின்றால் அந்த ஸுஜூது கூடாது. பள்ளி வாசலில் கிடைக்கிற பொதுத் தொப்பிகள் அளவில் பெரியவை. தக்பீர் கட்டும் முன் ஒரு தரம் மேலே தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள். தொப்பி இல்லாமல் தொழுதாலும் தொழுகை கூடும்.

ஆண்களுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைந்திருக்க வேண்டும். குட்டையான டீசேர்ட்டும் இடுப்பில் இறங்கிய ஜீன்ஸும் போட்டு ருகூஉ செய்தால் பின்னால் முதுகின் கீழ்ப்பகுதி தெரியும். அது மறைக்க வேண்டிய இடம். பையில் ஒரு சாரம் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. பெண்களுக்கு முகமும் மணிக்கட்டு வரையான கைகளும் தவிர மற்ற எல்லாம் மறைந்திருக்க வேண்டும், பாதம் உட்பட. நீண்ட தொழுகை அங்கி இல்லாதவர் காலுறை போட்டுக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, பிறகு திருப்பித் தொழவும் வேண்டாம். அந்நாட்களில் விடுபட்ட ரமழான் நோன்பை மட்டும் பின்னர் பிடிக்க வேண்டும்.

மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிக்கையை எடுத்து, மிச்சத்தைத் தொழுது, ஸலாமுக்கு முன் இரண்டு ஸுஜூது செய்யுங்கள். தொழுகையில் பேசிவிட்டால் முறியும். கைபேசி அலறினால், ஒரு கையால் அமர்த்திவிட்டு நிற்பதில் குற்றமில்லை. அலற விடுவதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டம்.

பிந்திப் போய்ச் சேரும்போது

கொழும்பு வாகன நெரிசலில் ஜமாஅத்துக்கு (கூட்டுத் தொழுகைக்கு) பிந்துவது சாதாரணம். மஃரிபில் நீங்கள் நுழையும்போது இமாம் மூன்றாவது ரக்அத்தின் ருகூஉவில் இருக்கிறார் என்று வைப்போம். ஓட வேண்டாம். வரிசையில் நேராக நின்று, நின்ற நிலையிலேயே ஆரம்பத் தக்பீரை முழுதாகச் சொல்லி, பிறகு குனியுங்கள். குனிந்துகொண்டே தக்பீர் சொன்னால் தொழுகை தொடங்கவே இல்லை. இமாம் நிமிரும் முன் ருகூஉவில் அடங்கிவிட்டால் அந்த ரக்அத் கிடைத்தது. அது உங்களுக்கு முதல் ரக்அத். இமாமோடு கடைசி இருப்பில் உட்காருங்கள். அவர் இரு பக்கமும் ஸலாம் சொன்ன பின் எழுந்து, பாத்திஹா ஓதி ஒரு ரக்அத், பின்னர் நடு இருப்பு. மீண்டும் எழுந்து ஒரு ரக்அத், பின்னர் கடைசி இருப்பு, ஸலாம். ஆக மூன்று ரக்அத்துக்கு மூன்று இருப்புகள் வரும். பிழை போய்விட்டதோ என்று குழம்ப வேண்டாம்.

ஒரு பள்ளியில் ஸுப்ஹில் இரண்டாம் ரக்அத் ருகூஉவுக்குப் பின் கையேந்தி குனூத் என்ற துஆ ஓதுவார்கள்; இன்னொரு பள்ளியில் ஓத மாட்டார்கள். ஓரிடத்தில் தொழுகை முடிந்ததும் கூட்டு துஆ, ஓரிடத்தில் இல்லை. இருப்பில் விரலை அசைப்பவர் ஒருவர், உயர்த்தி மட்டும் வைப்பவர் ஒருவர். தரீக்கா, தப்லீக், தவ்ஹீத் என்று பெயர்கள் காதில் விழும். ஒவ்வொரு தரப்பிலும் உங்களைத் தங்கள் பக்கம் இழுக்கும் அன்பர்கள் இருப்பார்கள். நிற்கிற பள்ளியின் இமாமைப் பின்தொடருங்கள், விவாதத்தை விடுங்கள். பள்ளி நிர்வாகம் அறிந்த, கதவு திறந்த இடத்தில் சொல்லித் தருகிற ஒரே ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாரோடு உறவை முறி, நாங்கள் பேசுவதை வெளியே சொல்லாதே என்பவர் ஆசிரியரே இல்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

நேரமும் திசையும்

நாம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் கொழும்பில் தொழுகை நேரங்கள் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. மஃரிப் மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையிலேயே அசையும். பள்ளிச் சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிச் செயலிகளில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஸுப்ஹுக்கும் இஷாவுக்கும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகையா 15 பாகையா என்று ஒரு தெரிவு இருக்கும். நம் ஊரில் ஒரு பாகை ஏறத்தாழ 4 நிமிடம். ஆகவே 12 நிமிடம் வித்தியாசம் வரும். அஸருக்கு ஹனபி என்ற தெரிவு விழுந்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தும். இவை பள்ளி அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே செயலியை நம்புங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தவறுவது அஸர்தான். ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு, தெஹிவளைக்கோ வத்தளைக்கோ பஸ் ஏறி, வீட்டில் தொழலாம் என்று நினைத்தால் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். பஸ் ஏறும் முன் தொழுதுவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஆண்களுக்குக் கடமை: இரண்டு குத்பா (பிரசங்கம்), இரண்டு ரக்அத். பகல் இடைவேளையைச் சற்று நீட்டிக் கேட்டு, மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஜும்ஆ தவறினால் ளுஹர் நான்கு. பெண்களுக்கு இடமுள்ள பள்ளிகள் எல்லாப் பகுதியிலும் இல்லை. வீட்டுக்கு அண்மையில் எது என்று பெண்களிடமே விசாரித்துப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

தொழும்போது முகம் நோக்க வேண்டிய மக்காவின் கஃபா கொழும்பிலிருந்து நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 பாகை, திசைகாட்டியில் 295. காலிமுகத்திடலில் நேர் மேற்கே கடலைப் பார்த்து நின்று அதைப் பன்னிரண்டு மணி என்று வைத்தால், கிப்லா ஒரு மணிக்குச் சற்று முன்னால், துறைமுகப் பக்கமாக. இரும்புக் கிறில், குளிர்சாதனப் பெட்டி, மேசைக் கணினி இவற்றின் பக்கத்தில் கைபேசித் திசைகாட்டி பிசகும்; முற்றத்தில் பார்த்துவிட்டு உள்ளே வந்து பாயை விரியுங்கள். கருவி எதுவுமே வேண்டாமென்றால் மே 27, 28இல் பிற்பகல் 2.48க்கும் ஜூலை 15, 16இல் பிற்பகல் 2.57க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிடம் சூரியன் இருக்கும் பக்கம்தான் கிப்லா. சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டால் வருடம் முழுக்கப் போதும். மே கடைசியில் மழை மேகம் மறைத்தால் ஜூலை இருக்கிறது.

நோன்பு, ஸகாத், சாப்பாடு

ரமழான் பிறை பார்ப்பது கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தீர்மானமாகும்; அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் (மார்க்க அறிஞர் சபை) முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் அதில் பங்கெடுக்கும். வளைகுடாவில் உள்ள நண்பர் ஒரு நாள் முன்னதாகப் பெருநாள் வாழ்த்து அனுப்புவார். நீங்கள் இங்குள்ள அறிவிப்போடு இருங்கள். இங்கே நோன்பு 13 முதல் 14 மணி நேரம். ஒவ்வோர் இரவும் மறுநாள் நோன்புக்கு நிய்யத் வைக்க வேண்டும். ரமழான் நடுவில் இஸ்லாத்துக்கு வந்தால் கழிந்த நாட்களுக்குப் பாக்கி இல்லை. முதல் ரமழானுக்கு முன் திங்கள், வியாழன்களில் நாலைந்து நோன்பு பிடித்துப் பழகினால் தலையிடி குறையும். தேநீர், கோப்பி அதிகம் குடிப்பவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே குறைக்கத் தொடங்க வேண்டும். ஸஹரில் (விடியலுக்கு முன் உண்ணும் சாப்பாட்டில்) உப்பும் பொரியலும் கூடினால் பகல் முழுக்கத் தாகம். இன்சுலின் போடுபவர் தன் வைத்தியரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. பிடிக்க முடியாதவருக்குச் சலுகை இருக்கிறது. மாலையில் பள்ளியில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள், பாத்திரத்தோடு போகலாம்.

ஸகாத் (கட்டாயத் தர்மம்) எல்லோருக்கும் இல்லை. 85 கிராம் தங்கத்தின் பெறுமதிக்கு, அதாவது பதினொரு பவுனுக்குச் சற்றுக் குறைவு, சமமான செல்வம் ஒரு சந்திர வருடம் கையிலிருந்தால் இரண்டரை வீதம். வருடக் கணக்கு நீங்கள் முஸ்லிமான நாளிலிருந்து. ஹஜ், வசதியும் உடல்நலமும் வாய்த்தவருக்கு வாழ்நாளில் ஒரு முறை.

சாப்பாட்டில் பயம் வேண்டாம். மீன், இறால், முட்டை, மரக்கறி, பருப்பு எல்லாம் தாராளம். மீனுக்கு அறுப்பு என்ற பேச்சே இல்லை. கோழி, மாடு, ஆடுதான் அறுத்த விதம் பார்க்க வேண்டியவை. பார்க்க மறப்பவை: கலவை இறைச்சி சொசேஜஸ், ஜெலட்டின் சேர்ந்த புடிங், பிரண்டியில் ஊறிய பழங்கள் போட்ட கிறிஸ்மஸ் கேக், பன்றி இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே பொரித்த மற்றவை. 2013 சர்ச்சைக்குப் பின் ஹலால் சான்றிதழ் கொடுப்பதை ஜம்இய்யத்துல் உலமா கைவிட்டது. இப்போது தனி நிறுவனமொன்று கொடுக்கிறது. பொதியில் அந்த முத்திரை இல்லை என்பதால் பிஸ்கட் ஹராமாகிவிடாது; உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள்.

வீடு, பெயர், பத்திரம்

பெற்றோர் இணைவைக்கச் சொன்னால் அதில் மட்டும் கீழ்ப்படியாதே, உலக விடயங்களில் அவர்களோடு நல்ல முறையில் வாழ் என்று குர்ஆன் 31:15 சொல்கிறது. அம்மா சமைத்த மீன் குழம்பைச் சாப்பிடலாம். கோயில் படையலை மட்டும் வாங்காமல், மெதுவாகக் காரணம் சொல்லிவிடுங்கள். வீட்டில் மருந்து வாங்கிக் கொடுக்கிற, பில் கட்டுகிற பிள்ளையாகத் தொடர்ந்து இருப்பது நூறு விளக்கத்தைவிட வேலை செய்யும். புதிய உறவுகளின் பேச்சிலும் ஒரு சின்னத் தடங்கல் வரும்: முஸ்லிம் வீடுகளில் ‘நானா’ அண்ணன், ‘தாத்தா’ அக்கா. சிங்களத்தில் தாத்தா அப்பா. நாற்பது வயதுப் பெண்ணைத் தாத்தா என்று கூப்பிடப் பழக ஒரு மாதமாகும்.

பெயருக்கு இணைவைக்கும் அர்த்தமோ கெட்ட அர்த்தமோ இல்லாவிட்டால் மாற்ற வேண்டியதில்லை. அழைக்க ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அடையாள அட்டையிலும் கல்விச் சான்றிதழிலும் பழையதையே விட்டுவிடுவது சிக்கலில்லாத வழி. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இருவரும் முஸ்லிமாக இருக்கும் திருமணத்துக்கே பொருந்தும். பொதுச் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே பதிவான திருமணம் மதம் மாறியதால் மட்டும் முறியாது. அதை வைத்துக்கொண்டு இன்னொன்று முடிப்பது இருதார மணக் குற்றம் என்று 1990களின் கடைசியில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. மணமானவர்கள் மௌலவியோடு ஒரு சட்டத்தரணியையும் பார்ப்பது நல்லது.

பள்ளியிலோ ஜம்இய்யத்துல் உலமாவிலோ இஸ்லாத்தைத் தழுவியதற்கான கடிதத்தை எடுத்து, மூன்று பிரதி அடித்து வையுங்கள். நிகாஹ் (திருமணப்) பதிவுக்கும் உம்ரா (மக்கா யாத்திரை) விசாவுக்கும் அதைக் கேட்பார்கள். இன்னொரு தேவையை யாரும் பேசுவதில்லை: ஜனாஸா, அதாவது இறுதி அடக்கம். வீட்டார் வேறு மதத்தவராக இருக்கையில் திடீரென்று மரணம் நேர்ந்தால், அடக்குவதா எரிப்பதா என்று பிணவறை வாசலில் இழுபறி வரும். குப்பியாவத்தையோ ஜாவத்தையோ, எந்த முஸ்லிம் மையவாடி, எந்தப் பள்ளி, யாருக்கு அழைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒன்றைப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்து, மற்றதை அலுமாரியில் பூட்டாமல், வீட்டில் உங்களோடு ஒத்துப்போகிற ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.